கிட்டின வழி

ஜெர்மன் மொழியில் ‘ஒன்கெல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அப்பாவின் அண்ணனும் ஒன்கெல், அம்மாவின் தம்பியும் ஒன்கெல், மாமியைக் கட்டினவரும் ஒன்கெல். எங்கள் மாமி சுவிஸ் குளிரைச் சகித்தார், பாணோடு சீஸ் தின்னப் பழகினார், சலவைத் தொழிற்சாலையில் நின்று நின்று வீங்கிய காலைக்கூட யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை. இந்த ஒரு சொல்லைத்தான் அவரால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

“எல்லாருக்கும் ஒரே சொல்லை வைச்சுக்கொண்டு இவங்கள் எப்பிடியடி பிழையில்லாமல் கலியாணம் கட்டுறாங்கள்?” என்று உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்பார்.

எம்மன்புரூக்கேயில் நாங்கள் இருந்த கட்டடத்தில் எங்களுக்குக் கீழ் மாடி அவருடையது. என் அப்பாவின் சித்தப்பா மகள், ஆகவே எனக்குச் சரியான மாமி. அப்படித்தான் அவரை அறிமுகப்படுத்த வேண்டும். பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தினால் முகம் சுருங்கிவிடும். “பேர் ஆருக்குத்தான் இல்லை? முறையைச் சொல்லன்” என்பார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதற்காக அந்தச் சட்டத்தை மீற எனக்கு மனமில்லை. இங்கேயும் பெயர் வேண்டாம்.

இரண்டு பேரை முறையில்லாமல் விட்டுவைக்க அவரால் முடியாது. கோயில் அன்னதான வரிசையில் புதிதாக ஒரு பெடியன் தட்டை ஏந்திக்கொண்டு நின்றால் போதும். “தம்பி, நீ ஆரின்ர பிள்ளை?” என்று தொடங்குவார். சோறு விழுந்து சாம்பார் விழுவதற்குள் அவன் மாமிக்குப் பேரனாகவோ மருமகனாகவோ ஆகியிருப்பான். அதற்குப் பிறகு அவனுக்கு வேலை தேடுவதும், இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பதும் மாமியின் பொறுப்பு. “முறை சொல்லிக் கூப்பிட்டாப் பிறகு அந்த ஆளுக்கு வருத்தம் எண்டால் நாங்கள் சும்மா இருக்கேலாது பிள்ளை” என்பது அவருடைய வேதம்.

எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற கிழவர் சுவிஸ்காரர். படியில் பனி உறைந்த நாளொன்றில் மாமியின் கையைப் பிடித்து இறக்கிவிட்டாராம். அன்றிலிருந்து அவர் ‘அண்ணை’. அண்ணையின் மனைவி ‘மச்சாள்’. அந்த அம்மாளும் நாளடைவில் “மட்ஷால்” என்று பதிலுக்குக் கூப்பிடப் பழகிக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவர் பாஷை மற்றவருக்கு விளங்காமலே சலவை அறையில் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். எதிர்வீட்டுக்குச் சேலத்திலிருந்து ஒரு கணினிக்காரத் தம்பதி வந்தபோதுதான் மாமி கொஞ்சம் திணறினார். எந்தப் பக்கத்தால் போனாலும் கடல் குறுக்கே வந்தது. அந்தப் பெண் வேறு “ஆன்ட்டி” என்று கூப்பிட்டுவிட்டாள். ஆன்ட்டி என்றால் ஒன்கெல்லின் பெண்சாதி அல்லவா! இரண்டு நாள் யோசித்துவிட்டு, “வள்ளி எங்கட நாட்டுப் பொம்பிளை. அப்ப முருகன் எங்களுக்கு மருமகன். உங்களுக்கும் அவன்தானே குலதெய்வம்? பிறகென்ன, சம்பந்தி வீடு” என்று தீர்த்துவைத்தார். அவர்களும் சிரித்துக்கொண்டே சம்பந்தியம்மா என்று கூப்பிட்டார்கள். அவள் பிள்ளைப்பேற்றுக்குப் போனபோது பத்தியக் கறி கீழ் மாடியிலிருந்துதான் போனது.

இவ்வளவு பெரிய உறவுப் பின்னலில் மாமி வாயே திறக்காத ஒரு பக்கம் உண்டு. அது புருஷன் பக்கம். மாமியை ஊரிலிருந்து கூப்பிட்டு எடுத்த மனுஷன், இங்கே வந்து சில வருஷத்தில் வேறொரு பெண்ணோடு ஃப்ரிபூர்க்குக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் கதைப்பதில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது கோயிலில் கண்ணில் பட்டால் மாமி செருப்பைத் தேடுவது போல் குனிந்துகொள்வார். நல்ல காரியங்களில் ஆலாத்தி, அதுதான் ஆரத்தி, எடுக்கக் கூப்பிட்டால் குசினிக்குள் போய் வடையை எண்ணெயில் போடத் தொடங்கிவிடுவார்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கும் கோபிக்கும் பழக்கம் தொழிற்பாடசாலையில் தொடங்கியது. அவன் மின்சார வேலை படித்தான், நான் பல் வைத்தியரிடம் உதவியாளர் வேலை பழகினேன். ஒரே ரயிலில் போய் வந்ததில் வந்த வினை. கலியாணம் என்று முடிவானபோது, இரண்டு அம்மாமாரையும் முதலில் தற்செயலாகச் சந்திக்கவைப்போம், பிறகு விஷயத்தை மெல்ல அவிழ்ப்போம் என்று திட்டம் போட்டோம். என் அப்பாவின் ஐம்பதாவது பிறந்தநாளை மண்டபம் எடுத்துக் கொண்டாடினார்கள். கோபி தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவனுடைய அப்பாவுக்கு டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை, அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை.

மண்டபத்துக்குள் ஒரு புதுமுகம் நுழைந்தால் மாமி விடுவாரா? கோபியின் அம்மாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அம்மாவின் ஊர், அம்மம்மாவின் ஊர், அம்மம்மாவின் சகோதரங்கள் என்று ஏணியில் ஏறுவது போல் ஏறினார். இடையில் கோபியின் அப்பாவின் பெயரைக் கேட்டதும் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு மறுபடி அம்மம்மா பக்கமே போனார். திடீரென்று மண்டபம் அதிர ஒரு சத்தம்.

“மச்சாள்! இஞ்ச ஓடி வாங்கோ. உங்கட அம்மம்மாவும் இவவின்ர அம்மம்மாவும் கூடப்பிறந்த சகோதரங்கள். நீங்கள் ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி!”

என் அம்மா ஓடிவந்தார். இரண்டு அம்மாமாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். சனம் கைதட்டியது. நான் கையில் கேக் தட்டோடு மரம் மாதிரி நின்றேன். மாமி பூரிப்போடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? உனக்கு ஒரு அண்ணை கிடைச்சிட்டான். அண்ணைக்குக் கேக்கைக் குடு.”

குடுத்தேன். கோபி அதை வாங்கிச் சாப்பிடவும் செய்தான். வேறு என்ன செய்ய?

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். பதிவுக் காரியாலயத்தில் போய்க் கையெழுத்து வைத்தால் சுவிஸ் சட்டம் ஒன்றும் சொல்லாது. ஆனால் விஷயம் தெரிந்த அன்று அம்மா என்னை அடிக்கவில்லை, கத்தவுமில்லை. “தாயின்ர சகோதரியின்ர பிள்ளை உனக்குக் கூடப்பிறந்தவன். நான் எந்தக் கண்ணால அந்த மணவறையைப் பார்க்கிறது?” என்று கேட்டுவிட்டு அறைக்குள் போனார். அதற்குப் பிறகு என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போவார். அம்மா வராத மணவறையில் எனக்கு உட்கார ஏலாது. கோபி இல்லாமல் வேறொரு மணவறையிலும் உட்கார ஏலாது. கோபியின் கூட்டாளிமார் அவனை “அண்ணை” என்று பகிடி பண்ணத் தொடங்கினார்கள். அவன் சிரிப்பான், பிறகு இரண்டு நாளைக்குத் தொலைபேசி எடுக்கமாட்டான். நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டிருந்தோம்.

மாமிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்ததிலிருந்து கீழ் மாடிக் கதவு அடைத்தே கிடந்தது. கோயிலுக்குக்கூடப் போகவில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரம், அது வேறு கதை. அப்பாதான் ஒருநாள் வந்து, “மாமி மூலையில குந்திக்கொண்டிருக்கிறா. உன்ர படத்துக்கு அவவையும் கூட்டிக்கொண்டு போ பிள்ளை” என்றார்.

‘உன்ர படம்’ என்று அப்பா சொன்னது லூட்சேர்னில் நான் சேர்ந்திருந்த ஒரு சின்னத் திரைப்படக் கழகத்தை. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் பேசாத காலத்துப் பழைய படங்களைப் போடுவார்கள். ஓரத்தில் ஒருவர் பியானோ வாசிப்பார். அன்றைக்கு ஹொலிவூட்டின் ஆரம்ப காலக் காதல் படமொன்று. நவஹோ என்கிற அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை என்று போட்டிருந்தார்கள். படத்துக்கு முன்னால் இரண்டு வார்த்தை பேச, அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி வந்திருந்தார். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். மேடையில் ஏறியதும் தன் மொழியில் நாலு வரி சொன்னார். பிறகு அதை ஆங்கிலத்தில் விளக்கினார்.

“என்னவாம்?” என்று மாமி என் முழங்கையை இடித்தார்.

“தான் தாயின்ர பக்கத்தால எந்தக் குலம், தகப்பன் பக்கத்தால எந்தக் குலம், ரெண்டு பக்கத்துத் தாத்தாமாரும் எந்தக் குலம் எண்டு சொல்லுறா. அவையள் ஆரைச் சந்திச்சாலும் முதல் அதைத்தான் சொல்லுவினமாம்.”

பல நாளைக்குப் பிறகு மாமியின் முகம் விரிந்தது. “நல்ல பிள்ளை. வளர்த்த தாயைச் சொல்லவேணும்” என்றார். பிறகு கதிரையில் வசதியாகச் சாய்ந்து கைப்பையிலிருந்து பெப்பர்மிண்ட் எடுத்து எனக்கும் ஒன்று தந்தார்.

படம் தொடங்கியது. திரையில் வருகிற எழுத்துகளை நான் காதோடு சொல்லிக்கொண்டு வந்தேன். ஆடு மேய்க்கிற இளைஞன் ஒருவன், கம்பளம் நெய்கிற பெண் ஒருத்தி. இரண்டு பேருமே வெள்ளைக்கார நடிகர்கள், முகத்தில் மண்ணிறம் அப்பியிருந்தார்கள். “கழுத்துக்குப் பூச மறந்து போனாங்கள்” என்றார் மாமி. காதலன் கண்ணுக்கு மை போட்டிருந்தான். அவன் நெஞ்சில் கைவைத்து வானத்தைப் பார்த்தபோது மாமி குலுங்கிச் சிரித்தார். ஆடுகள் மட்டும்தான் இயற்கையாக நடித்தன.

பாதிப் படத்தில் காதல் ஊருக்குத் தெரியவருகிறது. ஊர்த் தலைவர், நரைத்த கிழவர், கைகளைக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறார். இந்த இருவரும் ஒரே குலம், பழைய சட்டப்படி சகோதரம், இவர்கள் சேரக்கூடாது என்று எழுத்து விழுகிறது. நான் அதை மாமியின் காதில் சொன்னேன்.

“சரியாத்தானே சொல்லுறார் மனுசன்!” என்று மாமி சத்தமாகச் சொன்னார். பழக்கதோஷம், வாய் முந்திவிட்டது. முன் வரிசைச் சுவிஸ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

காதலர்கள் குதிரையில் ஓடுகிறார்கள். புழுதிப்புயல். பியானோக்காரர் கட்டைகளைப் போட்டு அடிக்கிறார். செங்குத்தான மலை விளிம்பு. இருவரும் கைகோத்துக்கொள்கிறார்கள், குதித்துவிடுகிறார்கள். கடைசிக் காட்சியில் கிழவர் தனியாக நிற்கிறார். அதே மாதிரிக் கைகட்டி. விளக்கு வந்தபோது மாமி கழுத்தில் சுற்றியிருந்த கம்பளிச் சால்வையின் நுனி நனைந்திருந்தது.

கேள்வி கேட்கலாம் என்றார்கள். “நான் ஒண்டு கேக்கவேணும், சொல்லு” என்றார் மாமி. எழுந்து நின்றார். “அந்தக் கிழவன் ஒரு வழிதான் பாத்தவனோ? அந்தப் பிள்ளையளுக்கு வேற வழியால முறை ஒண்டும் இல்லையோ?”

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அந்தப் பெண்மணி முதலில் சிரித்தார். பிறகு மாமியை நேரே பார்த்துக்கொண்டு மறுமொழி சொன்னார். ஒரே குலத்தில் கட்டமாட்டார்கள் என்பது உண்மைதானாம். படம் எடுத்தவர்கள் எங்கேயோ அதைக் கேள்விப்பட்டு, சாகடிக்க வசதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்களாம். “எங்கள் ஊரில் உறவு கேட்பது தடுப்பதற்காக மட்டும் இல்லை. ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது, கஷ்டத்தில் யார் யாருக்குச் சாப்பாடு கொண்டுபோவது என்று அறியத்தான் கேட்கிறோம். உறவு சொல்லத் தெரிந்த ஒருவர் இந்தப் பிள்ளைகளை மலைக்குப் போகவிட்டிருக்கமாட்டார்” என்றார்.

நான் தமிழில் சொன்னேன். மாமி “ஓம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பஸ்ஸில் வரும்போது வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

“அந்தக் கிழவனுக்கு மற்ற வழி தெரியும் பிள்ளை. ஒண்டைச் சொல்லிப்போட்டு மற்றதை விழுங்கியிட்டான்.”

“படத்தில அப்பிடி ஒண்டும் வரேல்லையே மாமி.”

“படத்தில வரேல்லை” என்றார்.

அடுத்த சனிக்கிழமை காலை மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். தலைக்குக் குளித்து, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. அம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் அப்பாவும் மேசையில் இருந்தோம். மாமி உட்காரவில்லை.

“மச்சாள், நான் உங்களுக்கு ஒரு வழிதான் சொன்னனான். இன்னொரு வழி இருக்கு. எனக்கு அண்டைக்கே தெரியும், கோபியின்ர தாய்க்கு நான் ஆரெண்டு தெரியாது. சொல்ல மனம் வரேல்லை.”

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“கோபியின்ர தகப்பன் என்ர மனுசனுக்குச் சித்தப்பா மகன். சொந்தத் தம்பி முறை. அப்ப கோபிக்கு நான் பெரியம்மா, அவன் எனக்குப் பெறாமகன். உங்கட பிள்ளைக்கு நான் மாமி. மாமியின்ர மகன் ஆர்? மச்சான்தானே.”

‘என்ர மனுசன்’ என்ற சொல்லை மாமியின் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன். அப்பா கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

“மச்சாள்,” என்றார் அம்மா மெல்ல, “அந்த மனுசன் உங்களை விட்டிட்டுப் போனவர். அந்த உறவு அறுந்துபோச்செல்லே.”

“அவர் போனவர். முறை போகேல்லை. தாலியை நான் திருப்பிக் குடுக்கவுமில்லை.” “உங்கட அம்மம்மா வழி தூரத்து வழி. இது கிட்டின வழி. ரெண்டு வழி இருந்தால் கிட்டின வழிதான் முறை. இதை ஊரில ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம்.”

முறை விஷயத்தில் மாமி சொன்னால் எங்கள் வீட்டில் அது நீதிமன்றத் தீர்ப்பு. அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மாமிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“அப்ப கலியாணத்துக்கு அந்த மனுசனும் வருவார். பெண்சாதி பிள்ளையோட வருவார். மாப்பிள்ளையின்ர பெரியப்பாவை வராதையுங்கோ எண்டு சொல்லேலாது. நீங்கள் தாங்குவியளோ?”

“நான் மாப்பிள்ளைக்குப் பெரியம்மா. ஆலாத்தி நான்தான் எடுக்கவேணும்” என்றார் மாமி. பிறகு என் பக்கம் திரும்பி, “மலையில ஏறாதை. போய் அவனுக்கு ரெலிபோன் எடு” என்றார்.

அன்றைக்கு மத்தியானம் அம்மா என்னோடு கதைத்தார். “உப்புக் காணுமோ பாரடி” என்றதுதான் முதல் வார்த்தை. நான் கறியை ருசி பார்த்துவிட்டு அழுதேன். உப்புக் கொஞ்சம் கூடத்தான்.

இன்றைக்குக் கோபியும் நானும் சண்டை பிடித்து, சமாதானமாகி, இரண்டு பிள்ளைகளையும் பெற்று ஓடிக்கொண்டிருக்கிறோம். அதில் ஒவ்வொரு நாளும் மாமி போட்ட பிச்சை என்றுதான் நினைக்கிறேன். நன்றி என்று அவரிடம் சொல்ல முடிந்ததில்லை. சொன்னால், “மருமகள் மாமிக்கு நன்றி சொல்லுறதோ? ஆரடி உனக்கு உந்தக் கதையைச் சொல்லித் தந்தது?” என்று ஏசியிருப்பார். அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். நன்றி மாமி.

கலியாண நாளில் மாமி அரக்கு நிறத்தில் மணப்பெண்ணின் கூறைபோல ஒரு பட்டுச் சேலை உடுத்தி வந்தார். கழுத்தில் தாலிக்கொடி. குசினிப் பக்கம் அவர் தலைகாட்டவே இல்லை. கோபி வாசலில் வந்து நின்றபோது என் அம்மாவின் தமக்கையும் மாமியுமாக ஆலாத்தித் தட்டைப் பிடித்தார்கள். ஃப்ரிபூர்க் ஆட்கள் கோபிக்குப் பின்னால்தான் நின்றார்கள். அந்த மனுஷன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமியின் கை கொஞ்சம்கூட ஆடவில்லை. சுடர் நேராக நின்றது. நான் அதை வீடியோவில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டு நேரம் மண்டபத்தில் ஒரே இரைச்சல். அந்த மனுஷனும் மனைவியும் யாரோடும் சேராமல் கோடியில் ஒரு மேசையில் இருந்தார்கள். சனமும் அந்தப் பக்கம் போகவில்லை. அவர்களுடைய மகள், பாவாடை சட்டை போட்ட சின்னப் பெட்டை, சாப்பாட்டுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் மணமக்கள் மேசைக்குக் கிட்ட வந்து நின்றாள். மாமி எனக்குப் பக்கத்தில் இருந்தார். அவளைக் கண்டார். சுற்றியிருந்த பெண்கள் கதையை நிறுத்திவிட்டார்கள்.

மாமி எழும்பிப் போய் அவளுடைய தட்டை வாங்கித் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கதிரையை இழுத்துவிட்டார்.

“இதில இரு பிள்ளை. நான் உனக்குப் பெரியம்மா.”

பெட்டை அவரை மேலும் கீழும் பார்த்தாள். “எனக்குப் பெரியம்மா ஒருத்தரும் இல்லை எண்டு அம்மா சொன்னவா” என்றாள்.

“இருக்கிறன்” என்றார் மாமி. அப்பளத்தை நொறுக்கி அவளுடைய சோற்றின் மேல் போட்டார்.